ஏஜெண்டின் பெயர் இல்லாத காகிதங்கள்

பெர்மிட் எடுத்துத் தருகிறேன், காலிங் விசா வாங்கித் தருகிறேன், குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டைக்கு வழி செய்கிறேன் என்று சொல்லிப் பணம் பெற்றுக்கொண்டு மறைந்துபோனவர்களைத் தேடி என் மேசைக்கு வந்தவர்கள், பிளாஸ்டிக் பையில் எத்தனையோ காகிதங்களைப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடப்பிதழின் நகல், மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, விமானச் சீட்டின் அடிக்கட்டை, ஊரில் மனைவியின் நகையை அடகு வைத்த ரசீது, என்றைக்கோ கைரேகை பதிந்ததற்கான துண்டு என்று எல்லாம் அதில் இருக்கும். பணத்தை வாங்கியவனுடைய பெயரும் கையெழுத்தும் உள்ள காகிதம் மட்டும் இருக்காது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்து, பின்னர் கெலாங் பாத்தாவில் அவருடைய கிளை அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டு, போலீஸ் புகார்களையும் சத்தியப் பிரமாணங்களையும் தொழிலாளர் இலாகாவுக்கான மனுக்களையும் எழுதியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனாகிய நான், இந்த விவகாரத்தில் முதலாவதாகச் சொல்லத் தக்கது இது ஒன்றுதான்: ஏமாற்றப்பட்டவனைப் பற்றிய தஸ்தாவேஜுகள் ஏராளமாக இருக்கும், ஏமாற்றியவனைப் பற்றி ஒரு வரியும் இராது, சட்டமோ காகிதத்தில் எவன் பெயர் இருக்கிறதோ அவனையே முதலில் பிடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில் கெலாங் பாத்தா, சீனர்களின் கடைவரிசையும், சுற்றிலும் ரப்பர் தோட்டங்களும், அவற்றின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துவந்த செம்பனையும், தெற்கே ஜலசந்தியோரத்து மீனவர் கம்பங்களுமாக அமைந்த ஒரு சிற்றூர். சிங்கப்பூர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்றாலும், அங்கே போகவேண்டுமானால் ஜொகூர் பாருவுக்குச் சென்று பழைய பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1998இல் தஞ்சோங் குப்பாங்கிலிருந்து துவாஸுக்கு இரண்டாவது பாலம் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கி, 2006இல் இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டமும் வந்து சேர்ந்தபோது, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மண் வெட்டவும் சுவர் எழுப்பவும் சாப்பாட்டுக் கடைகளில் தட்டுக் கழுவவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆட்கள் தேவைப்படும் இடத்துக்கு ஏஜெண்டும் வந்தான். ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குள் இந்தத் தரகு முதன்முதலில் நுழைந்தது வெளிநாட்டுத் தொழிலாளியைத் தேடியல்ல. எங்கள் சொந்தக் கிழவர் கிழவிகளைத் தேடியேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்யாமலோ, செய்யத் தெரியாமலோ இருந்துவிட்ட தோட்டத் தமிழர்கள் மீது, 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பேரிடியாக விழுந்தது. பிரஜை அல்லாதவன் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று அது விதித்தது. அதன் விளைவாக நாடு முழுவதிலும் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் தமிழகம் திரும்பினார்கள் என்று சரித்திரம் எழுதியவர்கள் கணக்கிடுகிறார்கள். எஞ்சி நின்றவர்களில் அநேகர் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களாகவே காலம் தள்ளினார்கள். பிறந்தது இந்த மண், பால் வெட்டியது இந்த மரம், ஆயினும் அட்டையின் நிறம் வேறு என்கிற அந்த மனக்குறைதான் புரோக்கர்களுக்கு மூலதனமாயிற்று.

எண்பதுகளில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பாட்டி என்னிடம் வந்தார். மூன்று தவணையாகப் பணம் கொடுத்து வாங்கிய ஒரு துண்டுக் காகிதத்தை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்து, “தம்பி, கவர்மெண்டு முத்திரை குத்திக் குடுத்திருக்கான் பாரு, இன்னும் ஏன் நீல ஐசி வரல?” என்று கேட்டார். அது விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு. தேதி முத்திரையும் கோப்பு எண்ணும் தவிர அதில் ஒன்றுமில்லை. பதிவு இலாகாவின் முகப்பில் வரிசையில் நின்று பாரத்தை நீட்டுகிற எவருக்கும் கிடைக்கக்கூடிய அந்தச் சீட்டைத்தான், மேலிடத்தில் தனக்கிருக்கும் செல்வாக்குக்கு அத்தாட்சி என்று சொல்லி அந்தப் புரோக்கர் அவரிடம் விற்றிருந்தான்.

அதைக் காட்டிலும் பெரிய ஆபத்து பாரத்தின் நகலில் இருந்தது. தோட்டத்திலேயே பிறந்த அந்தப் பாட்டியின் பிறப்பிடம் என்ற கட்டத்தில் அவர் கேள்விப்பட்டேயிராத வேறோர் ஊரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. இணைத்திருந்த சத்தியப் பிரமாணத்தில் அவருடைய பெருவிரல் ரேகை தெளிவாக விழுந்திருந்தது. எழுதியவன் பெயர் எங்கும் இல்லை. 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி எடுத்த பிரமாணம் பொய்யானால் தண்டனைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். அந்தக் குற்றத்துக்கு உத்தரவாதி, வாசிக்கத் தெரியாமல் விரலை அழுத்திய பாட்டியே தவிர, வாசித்துக் காட்டாமல் எழுதியவன் அல்லன். எங்கள் வழக்கறிஞர் தோட்டப் பள்ளியின் பழைய பதிவேட்டைத் தேடியெடுக்கச் செய்து, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் மகளிடம் வாக்குமூலம் வாங்கி, தவறான பாரத்தைத் திரும்பப் பெற்றுப் புதிய விண்ணப்பம் போட்டார். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு முக்கியமாகக் கேட்பது கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வாசமும் மலாய் மொழியில் போதிய ஞானமும் என்பதை நான் தமிழில் விளக்கிச் சொன்னபோது, “இவ்வளவுதானா? இதை எவனும் எங்களுக்குச் சொல்லலையே” என்றார் அவர். அன்று எனக்கு உண்டான துக்கம் இன்னும் ஆறவில்லை. 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்ற பெயரில் அரசாங்கமே இந்தியர்களின் ஆவணப் பிரச்சினைகளுக்கு நாடு தழுவிய இயக்கம் நடத்தியபோது, திரண்டு வந்த கூட்டத்தைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

தொண்ணூறுகளில் என் மேசைக்கு எதிரே அமர்ந்தவர்கள் மாறினார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் செம்பனைக் காடுகளிலும் வேலை பார்த்த இளைஞர்கள் அவர்கள். இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பள்ளியிறுதி தேறாதவன் மலேசியா உட்படச் சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதாயின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெறவேண்டும். ஆள் சேர்ப்பவன் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். இன்றைய விதிப்படி அவன் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும்தான். இவற்றையெல்லாம் ஒரே தாண்டாகத் தாண்டுவதற்கு ஏஜெண்டுகள் கண்ட உபாயம், ஆளைச் சுற்றுலாப் பிரயாணியாக விமானம் ஏற்றிவிட்டு, “போய் இறங்கியதும் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம்” என்று வாக்குக் கொடுப்பதே. அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் காணியை ஒற்றி வைத்தவர்கள் எத்தனை பேர்! இப்பொழுது 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமலே இந்நாட்டுக்கு வரலாம் என்று ஆனபிறகு, அந்த வாக்கியம் இன்னும் மலிவாகிவிட்டது. அந்த அனுமதி சுற்றிப் பார்க்க வருபவனுக்கே உரியது. அதை வைத்துக்கொண்டு ஒருநாள் தட்டுக் கழுவினாலும் குற்றமே.

கிராமத்தில் பணம் வாங்குபவன் உறவினனாகவோ பழகியவனாகவோ இருப்பான். அவன் நகரத்தில் உள்ள டிராவல்ஸ்காரனிடம் கொடுப்பான். அவன் கோலாலம்பூரில் இருப்பவனுக்கு அனுப்புவான். அங்கிருந்து ஜொகூருக்கு ஒருவன் வேனில் அழைத்து வருவான். விசாரிக்கப் புகுந்தால் ஒவ்வொருவனும் தனக்கு அடுத்தவனைச் சுட்டுவான். என் பாட்டனார் காலத்தில் தோட்டங்களுக்கு ஊரிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி முறையில் கொடுமைகளுக்குக் குறைவில்லை என்பது எல்லோரும் அறிந்ததே; இந்திய அரசாங்கம் 1938இல் அந்த வழியை அடைத்ததும் நியாயமே. ஆயினும் அந்தக் கங்காணியின் கையில்கூட மலாயா தொழிலாளர் இலாகா கொடுத்த லைசென்ஸ் ஒன்று இருந்தது. அதில் அவன் பெயரும் அவனை அனுப்பிய தோட்டத்தின் பெயரும் இருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஏஜெண்டிடம் அதுவும் இல்லாமற்போயிற்று.

நான் வேலையில் இருந்த நாள்களில் ஒருவன் கடப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது அதில் ஒட்டியுள்ள வேலை பெர்மிட்டைத்தான். ஒட்டுவில்லையில் உள்ள கடப்பிதழ் எண்ணை முதல் பக்கத்து எண்ணோடு ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிடுவேன்; பின்பு முதலாளியின் பெயரையும், எந்தத் துறை என்ற வரியையும், கடைசித் தேதியையும் வாசிப்பேன். சிலவற்றில் எண்ணே பொருந்தாது. அது முழுப் பொய், எவனுடைய பெர்மிட்டையோ நகலெடுத்தது. அதைவிடத் தந்திரமானது, வில்லை அசலாகவே இருந்து உள்ளே உள்ள விவரம் மட்டும் வேறாக இருப்பது. ஸ்கூடாய் பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்த இளைஞன் ஒருவனுடைய பெர்மிட்டில் துறை ‘தோட்டம்’ என்றும், முதலாளி அவன் கண்ணாலும் கண்டிராத ஒரு நிறுவனம் என்றும் இருந்தன. முடிதிருத்தும் தொழிலுக்கும் நகைத் தொழிலுக்கும் துணிக்கடைக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009இல் நிறுத்திவிட்டிருந்தது; 2023இல்தான் அந்தக் கதவு மறுபடியும் சிறிது திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் அத்தொழில்களுக்கு வந்தவர்களுக்கு ஏஜெண்டுகள் வேறு துறையின் பெர்மிட்டையே விற்றார்கள். கத்தரிக்கோல் பிடித்த கையோடு அந்தப் பையன் பிடிபட்டபோது, அனுமதியின் நிபந்தனையை மீறினான் என்று குடிநுழைவு விதி 39(b)யின் கீழ் அவன்மீது வழக்கு வந்தது. “ஐயா, எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாது, பெர்மிட் இருக்குன்னு அண்ணன் சொன்னாரு, நம்பிட்டேன்” என்று அவன் பெக்கான் நெனாஸ் தடுப்பு முகாமிலிருந்து சொல்லியனுப்பினான். அந்த ‘அண்ணன்’ யாரென்று அவனுக்கும் தெரியாது. தொலைபேசி எண் ஒன்றே தெரியும், அது அதற்குள் அணைந்துபோயிருந்தது.

சட்டங்கள் குறைவா என்றால், இல்லை. ஏமாற்றிப் பணம் பறிப்பவனுக்குத் தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு ஓராண்டு முதல் பத்தாண்டுவரை சிறையும், அதோடு பிரம்படியும் அபராதமும் விதிக்கிறது. பொய் ஆவணத்தை மெய்யென்று உபயோகிப்பதற்கு 471ஆவது பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வேலைக்கு ஆள் சேர்ப்பவனுக்கு, 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம், 2018இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பின், 200,000 ரிங்கிட்வரை அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் வைத்திருக்கிறது. வழக்கறிஞர் அல்லாதவன் வழக்கறிஞனைப்போல் நடந்து கட்டணம் வாங்கக்கூடாது என்று 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டம் சொல்கிறது. எழுத்தனாகிய நான் என் வரம்பை அறிந்து, வழக்கறிஞரின் பார்வையிலேயே பேனா பிடித்தேன். கடைத்தெருவில் ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவர்களுக்கு அந்த வரம்பு தெரிந்ததாகக் காணோம். முதலாளிமாருக்கும் விலக்கில்லை: பெர்மிட் இல்லாதவனை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55B பிரிவுப்படி தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது ஓராண்டுவரை சிறை, ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறையும் ஆறுவரை பிரம்படியும் காத்திருக்கின்றன. தொழிலாளிகளின் கடப்பிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதும் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமே என்று நான் சொல்லும்போதெல்லாம், “ஓடிப் போய்விடுவானே” என்பதுதான் கடைக்காரர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில்.

சட்டம் இத்தனை இருந்தும் ஏஜெண்டு தப்புவது எப்படி என்பதை, நான் நெருங்கி இருந்து பார்த்த ஒரு வழக்கால் விளக்கலாம். உணவகத் தொழிலாளி ஒருவன், பெர்மிட் புதுப்பிக்கப் பணம் கட்டவேண்டிய கணக்கு எண்ணை ஏஜெண்டு தன் கையாலேயே எழுதிக் கொடுத்த சிகரெட் பெட்டியின் அட்டையையும், அந்தக் கணக்கில் பணம் போட்டதற்கான வங்கிச் சீட்டையும் தவறவிடாமல் வைத்திருந்தான். வங்கிச் சீட்டில் கணக்குக்காரரின் பெயர் அச்சாகியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் பெயரோடு கூடிய ஒரு காகிதம் கையில் கிடைத்ததும் எங்கள் வழக்கறிஞருக்கு உண்டான உற்சாகத்தை வருணிக்க முடியாது. புகார் எழுதினோம், போலீசாரும் ஊக்கத்தோடு விசாரித்தார்கள், ஏஜெண்டு 420ஆவது பிரிவின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டு மன்றத்தில் நின்றான். ஆனால் சாட்சியின் நிலைமை என்ன? அவனுடைய பெர்மிட் காலாவதியாகிவிட்டது. வழக்கு முடியும்வரை இருப்பதற்கு அவனுக்குக் கிடைத்தது சிறப்பு அனுமதி. மாதந்தோறும் 100 ரிங்கிட் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யவோ கூடாது. ஒத்திவைப்பு மேல் ஒத்திவைப்பாக மாதங்கள் கழிந்தன. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் என்னிடம் வந்து, “ஐயா, நான் போறேன், கேசு வேணாம்” என்றான். அவனைத் தடுக்க எனக்கு நியாயம் இருக்கவில்லை. சாட்சி இல்லாத வழக்கில் எதிரி விடுவிக்கப்பட்டான். அது குற்றமற்றவன் என்ற தீர்ப்பு அல்ல, மீண்டும் வழக்குத் தொடரலாம் என்று சட்ட நூல் சொல்லும். சாட்சி கடல் தாண்டிப் போனபின் எங்கே தொடர்வது?

2011இல் வந்த 6பி திட்டத்திலும், 2016 பிப்ரவரி 15 முதல் 2018 ஜூன் 30 வரை நடந்த மறுவேலை அமர்வுத் திட்டத்திலும் இதே கதை பேரளவில் நிகழ்ந்தது. ஆவணமற்றவர்கள் பதிந்துகொண்டு சட்டப்படி வேலையில் அமரலாம் என்ற அரசாங்கத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் பதிவு தனியார் நிறுவனங்கள் வழியாக நடந்தபடியால், அவற்றைச் சுற்றி யாராலும் நியமிக்கப்படாத உப ஏஜெண்டுகள் முளைத்தார்கள். கைரேகை பதிந்த சீட்டைப் பெர்மிட் என்று நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களிடம், கெடு முடிந்த மறுநாள் எஞ்சியது அந்தச் சீட்டு மட்டுமே. 2019இல் 700 ரிங்கிட் அபராதம் செலுத்தி ஊர் திரும்பலாம் என்ற சலுகை அறிவிக்கப்பட்டபோது, அதற்கும் டிக்கெட்டுக்கும் பணம் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினவர்களில், முன்னர் இரண்டு ஏஜெண்டுகளிடம் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது பாலம் வந்தபின் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதில் அகப்பட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். துவாஸ் தொழிற்சாலைகளில் வேலை, சிங்கப்பூர் பெர்மிட் தயார் என்று பூர்வாங்க அனுமதிக் கடிதம் ஒன்றைத் தொலைபேசியில் அனுப்பி, முன்பணம் கேட்பார்கள். சிங்கப்பூரில் வேலை தருவதற்கென்று முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவதே குற்றம். கடிதம் மெய்யா பொய்யா என்று அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். படித்த பிள்ளைகளான அவர்கள் சொன்னவுடன் சரிபார்த்தார்கள், பலர் பிழைத்தார்கள்.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்த எனக்கு, 2023 டிசம்பரில் இதே ஜொகூரின் கிழக்குக் கோடியான பெங்கேராங்கில் நடந்ததைப் பத்திரிகையில் வாசித்தபோது பல இரவுகள் தூக்கம் வரவில்லை. முறையான விசாவிலேயே ஏஜெண்டுகள் மூலம் வந்து, வாக்களித்த வேலை இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் 171 பேர், புகார் கொடுப்பதற்காகப் போலீஸ் நிலையத்துக்கு வரிசையாக நடந்து சென்றார்கள்; சென்றவர்கள் பிடிக்கப்பட்டார்கள். பின்பு தொழிலாளர் இலாகா தலையிட்டதன்பேரில், 2024 தொடக்கத்தில், அவ்விதம் வேலையின்றி வைக்கப்பட்டிருந்த 733 பேருக்கு 10 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் சம்பள பாக்கியைக் கொடுக்க முதலாளி தரப்பு ஒப்புக்கொண்டது. முதலாளியின் பெயர் விசாவில் இருந்தது, ஆகையால் அவரைப் பிடிக்க முடிந்தது. அங்கே டாக்காவிலும் கிராமங்களிலும் அவர்களிடம் பணம் எண்ணி வாங்கியவர்களின் பெயர் எதிலும் இல்லை.

ஆகவே தமிழகத்திலிருந்து வர நினைக்கும் தம்பிமார்களுக்கு நான் சொல்வது: லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள், பெயரும் தொகையும் எதற்கென்பதும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், எழுதித்தர மறுப்பவனிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பெர்மிட்டில் உள்ள முதலாளியின் பெயரையும் துறையையும், மலாய் தெரிந்த ஒருவரைக் கொண்டு முதல் நாளே வாசித்துக்கொள்ளுங்கள். கெலாங் பாத்தா முதலாளிமார்கள், பூட்டி வைத்திருக்கும் கடப்பிதழ்களை இன்றைக்கே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அரசாங்கத்தாரிடம் எனக்கு ஒரே விண்ணப்பம் உண்டு: ஏமாற்றப்பட்டேன் என்று முறையிட வருகிறவனை முதலில் சாட்சியாகப் பதிவு செய்யுங்கள், வழக்கு முடியும்வரை அவன் இங்கே தங்கவும் வேலை செய்யவும் கட்டணமின்றி அனுமதி கொடுங்கள், அவன் வாய்மொழி ஒன்றைத் தவிர அந்த ஏஜெண்டுக்கு விரோதமாக நம் கையில் வேறு சாட்சியம் இல்லை.